மதிப்பெண் அப்சர்வேஷன் நோட்டுக்குப் போகட்டும்

தமிழ்நாட்டின் கல்லூரி ஆய்வகங்களில் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு நோட்டுகள் உண்டு. சோதனை நடக்கும்போது வருகிற எண்களை வந்தபடியே குறித்துக்கொள்வது அப்சர்வேஷன் நோட். பிறகு வீட்டிலோ விடுதியிலோ உட்கார்ந்து, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று தலைப்பு வாரியாக, கோடு கிழித்து, நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குவது ரெக்கார்டு நோட். செய்முறைத் தேர்வன்று எக்ஸ்டர்னல் புரட்டிப் பார்ப்பது இரண்டாவதைத்தான். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது ஊரறிந்த வழக்கம். வர வேண்டிய விடை முன்பே தெரியும் என்பதால் யாரும் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. பாடச் சோதனைகளோடு இது நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. உயிரித் தொழில்நுட்பம், உயிரி மருத்துவப் பொறியியல் போன்ற துறைகளில் இளநிலை மாணவர்கள் செய்யும் ஆராய்ச்சியையும் இதே பழக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பைண்டிங் போட்ட பிராஜெக்ட் அறிக்கைக்குத்தான் மதிப்பெண். ஆய்வக மேசையில் என்ன நடந்தது, எது கெட்டுப்போனது, மாணவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்பாரில்லை. இந்தத் துறைகளில் ஆராய்ச்சி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், மதிப்பெண்ணை முடிவுக்குத் தராமல், நடந்ததை நடந்தபடி எழுதிய குறிப்புக்குத் தர வேண்டும் என்பதே என் வாதம்.

உயிருள்ள பொருளோடு வேலை செய்கிற பொறியியலுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மனித செல்களை வளர்க்க வேண்டுமானால் 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கரியமில வாயுவும் உள்ள இன்குபேட்டர் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்ற வேண்டும். செல்கள் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. கையுறையில் எத்தனால் தெளிக்க ஒருமுறை மறந்தால் போதும், இளஞ்சிவப்பாக இருந்த ஊடகம் மறுநாள் மஞ்சளாகிக் கலங்கிக் கிடக்கும். உறைந்த குப்பியை எடுத்து மறுபடி வளர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு வாரம் போய்விடும். நமது பொறியியல் பாடத்திட்டத்தில் பிராஜெக்ட் வருவது எட்டாவது செமஸ்டரில். பொங்கல் விடுமுறை கழிந்து, தலைப்பு முடிவாகி, வேதிப்பொருளுக்கு ஆர்டர் கொடுத்து அது வந்து சேர்வதற்குள் பிப்ரவரி பாதி போயிருக்கும். ஏப்ரலில் அறிக்கை தர வேண்டும். நடுவே வேலைவாய்ப்பு நேர்காணல்கள். இரண்டு முறை கிருமி புகுந்தால் செமஸ்டர் முடிந்தது. அதன்பிறகு மாணவருக்கு இருக்கும் வழிகள் மூன்று: காசு கொடுத்து வெளி ஆய்வகத்தில் செய்து வாங்குவது, பிராஜெக்ட் சென்டரில் ஆயத்தமாக வாங்குவது, அல்லது எண்களைக் கற்பனையாக எழுதிவிடுவது. மாணவரின் ஒழுக்கத்தைக் குறை சொல்லும் முன் இந்தக் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

தோற்காத தலைப்பைத் தேர்ந்தெடுப்பது நான்காவது வழி. அதையே பலர் எடுக்கிறார்கள். ஏதாவது ஓர் இலை, வேம்போ துளசியோ முருங்கையோ. அதைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கலந்தால் சிறிது நேரத்தில் பழுப்பு நிறம் வரும். வெள்ளி நானோ துகள்கள் உருவாகிவிட்டன. ஸ்பெக்ட்ரோமீட்டரில் 420 நானோமீட்டரை ஒட்டி ஒரு முகடு, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த ஒரு படம், அகார் தட்டில் பாக்டீரியா வளராத ஒரு வட்டம். அறிக்கை தயார். இதில் வேதியியல் பொய் எதுவும் இல்லை. வெள்ளி நுண்ணுயிரைக் கொல்லும் என்பதும், தாவரச் சாறுகள் வெள்ளி அயனியை உலோகமாக்கும் என்பதும் நிலைநாட்டப்பட்ட உண்மைகள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. எந்த இலையைப் போட்டாலும் ஏறக்குறைய இதே விடை வருமென்றால் அதில் கேள்வி எங்கே? இலையின் பெயரை மட்டும் மாற்றி ஆண்டுதோறும் செய்யப்படும் இந்த வேலைக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து, அதையும் காசு வாங்கி அச்சிடும் ஏதாவது ஓர் இதழில் போட்டு, கல்லூரியின் வெளியீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.

இதற்கு அடுத்த படி, அந்தச் சாறு புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனை. உண்மையான ஆய்வக அனுபவம் என்ன கற்றுத்தரும் என்பதை இந்த ஒரு சோதனையைக் கொண்டே காட்டலாம். உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் தட்டில் 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழிகள். குழிகளில் செல்லை விட்டு, மறுநாள் சாற்றைப் பல அளவுகளில் சேர்த்து, பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊற்றுவார்கள். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து நிறத்தின் அடர்த்தியை அளந்தால் எத்தனை செல் பிழைத்தது என்று தெரியும். புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். மேசையில் நடப்பது வேறு. தட்டின் ஓரத்தில் இருக்கும் 36 குழிகளிலிருந்து நீர் ஆவியாகும். உப்பு செறிந்து, மருந்தே படாத செல்கூட அங்கே வாடும். அனுபவமுள்ளவர்கள் ஓரக் குழிகளில் வெறும் நீரையோ உப்புக் கரைசலையோ ஊற்றிவிட்டு உள்ளிருக்கும் 60 குழிகளை மட்டுமே நம்புவார்கள். அதைவிட வில்லங்கமானது இன்னொன்று. தாவரச் சாற்றில் இருக்கும் பாலிபீனால்கள் எம்டிடி சாயத்தைத் தாமே ஊதாவாக மாற்றக்கூடியவை. அதாவது ஒரு செல்கூட இல்லாத குழியிலும் ‘உயிர்’ இருப்பதாகக் கருவி சொல்லும். செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் ஊற்றிய ஒரு குழி தட்டில் இருந்தால்தான் இது தெரியவரும். தன் கையால் தட்டு போட்ட மாணவி, அந்த வெற்றுக் குழி ஏன் ஊதாவானது என்று திகைத்து நிற்கிற அரை மணி நேரம் ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம். மின்னஞ்சலில் பிடிஎஃப் ஆக முடிவை வாங்கியவருக்கு அந்த அரை மணி நேரம் கிடைப்பதே இல்லை. வாங்கிய முடிவில் வெற்றுக் குழியே இருக்காது என்பது வேறு விஷயம்.

இளநிலை மாணவரின் ஆய்வக வேலையைப் பயிற்சி என்று மட்டுமே நினைப்பவர்களுக்கு, உயிரித் தொழில்நுட்பத்தின் வரலாறு வேறு பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரிடம் 1966-ல் வேலை செய்த இளநிலை மாணவர் ஹட்சன் ஃப்ரீஸ். யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்துவந்த மாதிரியில், எழுபது டிகிரி வெப்பத்தில் செழித்து வளரும் ஒரு பாக்டீரியாவை அவர் பிரித்தெடுத்தார். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு இருவரும் 1969-ல் கட்டுரை வெளியிட்டார்கள். எந்தப் பயனையும் எதிர்பார்த்து அவர்கள் அதைத் தேடவில்லை. கேரி முல்லிஸ் 1983-ல் உருவாக்கிய பிசிஆர் முறைக்குக் கொதிநிலையை நெருங்கும் வெப்பத்திலும் சிதையாத நொதி ஒன்று தேவைப்பட்டபோது, அது இந்த பாக்டீரியாவில்தான் கிடைத்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளைப் பரிசோதித்த முறையின் வேர் அந்த மாணவரின் வளர்ப்புக் குழாயில் இருக்கிறது.

பழைய கதை, ஒரு தற்செயல் என்று இதைத் தள்ளிவிடலாம். தற்செயலையே திட்டமாக்கிய ஓர் ஏற்பாட்டை அப்படித் தள்ள முடியாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் முன்னின்று, ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவோடு 2008-ல் தொடங்கப்பட்டது ‘சீ-ஃபேஜஸ்’ திட்டம். கல்லூரியில் நுழைந்த முதலாண்டு மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மண் கொண்டுவருவார்கள். அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்து, தாங்களே பெயர் வைத்து, மரபணுத் தொடரை வாசித்து, பொதுத் தரவுத்தளத்தில் சேர்ப்பார்கள். ஆய்வக நேரம் அதே நேரம்தான். விடை மட்டும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஹாட்ஃபுல் இதே போன்ற பயிற்சி ஒன்றைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் நடத்திவந்தார். அங்கே 2010-ல் ஒரு மாணவி அழுகிய கத்திரிக்காயின் அடியில் ஒட்டியிருந்த மண்ணிலிருந்து ஒரு ஃபேஜைக் கண்டெடுத்து ‘மடி’ என்று பெயரிட்டார். சேறு படிந்தது என்று பொருள். எட்டு ஆண்டுகள் அது உறைபெட்டியில் கிடந்தது. 2018-ல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் கட்டுப்படாத மைக்கோபாக்டீரியத் தொற்றால் உயிருக்குப் போராடிய பதின்ம வயதுப் பெண் ஒருவருக்காக ஃபேஜ் தேடினார்கள். ஹாட்ஃபுலின் ஃபேஜ் சேகரிப்பிலிருந்து தேறியவை மூன்று. அவற்றில் மடி இயல்பாகவே பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது. மற்ற இரண்டையும் மரபணுப் பொறியியலால் திருத்திக் கொல்லவைத்தார்கள். தொற்று முற்றிலும் நீங்கவில்லை என்றாலும் புண்கள் ஆறி, அந்தப் பெண் தேறினார். மரபணு திருத்தப்பட்ட ஃபேஜ்கள் மனிதருக்குத் தரப்பட்ட முதல் நிகழ்வாக இதை 2019-ல் ‘நேச்சர் மெடிசின்’ வெளியிட்டது. டர்பன் மாணவி அன்று தன் மாதிரி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று ஒழுங்காகக் குறித்து வைக்காமல் போயிருந்தால், அது உறைபெட்டியில் பெயரற்ற குப்பியாகவே கிடந்திருக்கும்.

கல்வி ரீதியான பலனுக்கும் சான்று இருக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2005 முதல் முதலாண்டு மாணவர்களை உண்மையான ஆராய்ச்சிக் குழுக்களில் சேர்க்கிறது. மூன்று செமஸ்டர் அதை முடித்தவர்களைப் பற்றி 2016-ல் வந்த ஆய்வு, அறிவியல்-பொறியியல் பட்டம் பெறும் வாய்ப்பு 71 சதவீதத்திலிருந்து 94 ஆகவும், ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடிக்கும் வாய்ப்பு 66-லிருந்து 83 ஆகவும் உயர்வதாகக் கணக்கிட்டது. நல்ல மாணவர்கள்தானே இதிலெல்லாம் சேர்வார்கள், அவர்கள் எப்படியும் தேறியிருப்பார்களே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அதற்காகவே அந்த ஆய்வு, சேர்ந்தவர்களை அவர்களை ஒத்த பின்னணியும் முன்தகுதியும் கொண்ட சேராதவர்களோடு புள்ளியியல் முறையில் பொருத்திப் பார்த்தது. பலன் எல்லாப் பின்னணி மாணவர்களுக்கும் ஒரே மாதிரி இருந்தது என்பதும் அதன் முடிவு. மதிப்பெண் சராசரியில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மார்க் ஏறுமா என்று கேட்கும் பெற்றோருக்கு அந்த ஆய்வில் சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் துறையின் ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு கெட்டியானவை என்றும் சொல்ல மாட்டேன். 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் 60 ஆய்வுகளை அலசிய மார்சியா லின் குழு, பாதிக்கும் மேற்பட்டவை மாணவர்களிடமே ‘கற்றீர்களா’ என்று கேட்டு எழுதப்பட்டவை என்று சுட்டிக்காட்டியது. கற்றேன் என்று சொல்வதும் கற்றதும் ஒன்றாகிவிடாது. எனக்கு இது என் வாதத்தின் இரண்டாம் பாதியையே வலுப்படுத்துவதாகப் படுகிறது. மாணவர் கற்றாரா என்று அறிய அவரது வாயையோ பைண்டிங்கையோ பார்த்துப் பயனில்லை; அன்றாடக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

அடிப்படையே தெரியாத இரண்டாம் ஆண்டு மாணவர் என்ன ஆராய்ச்சி செய்துவிடப் போகிறார் என்பது ஆசிரியர்கள் பலர் எழுப்பும் ஆட்சேபம். முழுமையாகப் படித்து முடித்தபின் ஆராய்ச்சி என்ற இந்த வரிசை கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால், உயிர் வேதியியலில் நொதிப் பாடத்தை முடித்தவர்கள் எல்லாரும் கன்ட்ரோல் குழி ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுவதில்லை. அது பாடத்தில் வருவதில்லை, தேவைப்படும் இடத்தில்தான் வருகிறது. தேவைப்பட்டவர் நொதிப் பாடத்தையும் திரும்பப் போய்ப் படிப்பார். மேற்சொன்ன முதலாண்டு மாணவர்கள் யாரும் வைரஸ் இயலைக் கரைத்துக் குடித்துவிட்டு மண் அள்ளப் போகவில்லை.

செலவு பற்றிய ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. மனித செல் வளர்ப்பு விலையுயர்ந்த வேலை. கன்றுக்குட்டி சீரம் ஒரு புட்டி வாங்கவே துறையின் ஆண்டு நிதியில் கணிசமான பங்கு போய்விடும். மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரி இதைத் தாங்காது என்பது உண்மை. அதனால் எல்லாக் கல்லூரியும் செல் வளர்க்க வேண்டியதில்லை. மண்ணும் அகாரும் நோய் தராத பாக்டீரியாவும் இருந்தால் ஃபேஜ் தேடலாம். உள்ளூர்த் தோல் தொழிற்சாலைக் கழிவிலும் சாயப்பட்டறைக் கழிவிலும் வளரும் நுண்ணுயிர்களைப் பிரித்து, எது எந்தச் சாயத்தைச் சிதைக்கிறது என்று பார்க்கலாம். வாணியம்பாடிக்கும் திருப்பூருக்கும் பக்கத்தில் இருக்கும் கல்லூரிகளுக்கு மூலப்பொருள் வாசலிலேயே கிடைக்கிறது. இப்போது பாடச் சோதனைகளுக்குச் செலவாகும் அதே பணத்தில் பாதிச் சோதனைகளை இப்படி மாற்றலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குத் தரும் நிதி சிறியதே. ஆனால் இம்மாதிரி வேலைகளுக்கு அது உதவும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கோடை விடுமுறையில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த் தங்கி நல்ல ஆய்வகத்தில் பழகிவிட்டு வரும். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து உதவித்தொகையோடு தரும் கோடைக்கால வாய்ப்புகள் உண்டுதான். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். பாடவேளைக்குள்ளேயே ஆராய்ச்சி வந்தால்தான் வீட்டின் முதல் பட்டதாரிக்கும் அது கிடைக்கும்.

உண்மையில் இந்த யோசனையைக் கவிழ்க்கக்கூடியது பணமல்ல, ஆசிரியரின் நேரம். வாரம் முழுக்க வகுப்பு, அதன்மேல் அக்ரிடிடேஷன் கோப்புகள், சேர்க்கைக் காலத்தில் பள்ளிபள்ளியாகப் போய் மாணவர் பிடிக்கும் வேலை. இவ்வளவுக்கும் நடுவே பதினைந்து மாணவர்களின் குறிப்பேட்டை வாராவாரம் படி என்று ஓர் உதவிப் பேராசிரியரிடம் சொல்வது அநியாயம். கைடு என்ற பெயரை அட்டையில் போட்டுக்கொள்வதோடு பலர் நின்றுவிடுவதற்கு இது முக்கியக் காரணம். எம்ஐடி 1969-ல் மார்கரெட் மெக்விகர் தலைமையில் இளநிலை ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, மாணவரின் உழைப்புக்குக் கிரெடிட்டோ ஊதியமோ உண்டு என்று வைத்தது. நாம் ஆசிரியருக்கும் அதைச் செய்ய வேண்டும். குறிப்பேடு படிக்கும் மணி நேரம் வகுப்பெடுக்கும் மணி நேரமாகவே வேலைப்பளுவில் கணக்கிடப்பட வேண்டும். முனைவர் பட்ட மாணவர் மேற்பார்வை செய்தால் அவருக்கும் அதற்கான தொகை வேண்டும். இதைச் செய்யாமல் ஆராய்ச்சியை மட்டும் முன்னே இழுத்தால், இலைச்சாறு பிராஜெக்ட் எட்டாவது செமஸ்டரிலிருந்து நான்காவதுக்கு இடம் மாறும், வேறொன்றும் நடக்காது.

பாதிப் பேர் ஐ.டி. வேலைக்குத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்பார்கள். போகட்டும். மருத்துவக் கருவி நிறுவனத்தின் மென்பொருளைச் சோதிக்கப் போகிறவருக்கும், ஒரு முடிவு ஏன் நம்பத்தகாதது என்று கேட்கத் தெரிந்திருப்பது நஷ்டமில்லை.

குறிப்பேட்டையும் போலியாக எழுதலாமே என்பது கடைசிக் கேள்வி. எழுதலாம். ஆனால் வெற்றியைப் போலியாக எழுதுவது எளிது, மூன்று மாதத் தோல்விகளை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் கற்பனை செய்வது கடினம். பக்க எண் அச்சிட்ட நோட்டு, பேனா மை, அடித்தால் அடித்தது தெரிய ஒற்றைக் கோடு, வாரம் ஒருமுறை தேதியோடு கையொப்பம், கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பு என்ற ஏற்பாடு மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் அன்றாட நடைமுறை. வைவாவில் எக்ஸ்டர்னல் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அன்று என்ன கெட்டது, மறுநாள் எதை மாற்றினீர்கள், ஏன் என்று கேட்டால், தானே செய்தவர் யார் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். தோல்வியைப் பதிவு செய்வது இந்தத் துறைக்குப் புதிதும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழு உருவாக்கிய இந்தியாவின் செயற்கை இதய வால்வில் முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. எங்கே உடைந்தது, எது தேய்ந்தது என்று எழுதிவைத்துத் திருத்திய நான்காவது வடிவமே 1990 டிசம்பரில் மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. நம் பிராஜெக்ட் மதிப்பீட்டு முறையில் அந்த முதல் மூன்றுக்கும் என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட நான்காண்டு இளநிலைப் படிப்புக்கான கட்டமைப்பு, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சி செய்யலாம் என்கிறது. காலம், கதவு இரண்டிலுமே இது தவறு. ஆராய்ச்சி கடைசி ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. அதுவும் தேர்வு மதிப்பெண்ணால் வடிகட்டிய பிறகு. தமிழ்நாடு தன் கல்வியைத் தானே வகுத்துக்கொள்ளும் என்று சொல்லும் மாநிலம். அப்படியானால் அண்ணா பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களும் இதில் மானியக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருத்தத்தில் உயிரித் தொழில்நுட்பத்துக்கும் உயிரி மருத்துவப் பொறியியலுக்கும் இரண்டு வரிகளைச் சேருங்கள்: மூன்றாவது செமஸ்டரிலிருந்து ஒரு ஆய்வகப் பாடமாவது விடை தெரியாத கேள்வியில் நடக்கும்; பிராஜெக்ட் மதிப்பெண்ணில் பாதி அப்சர்வேஷன் நோட்டுக்கு.